கறுத்த வெல்லம் இருந்தால் கிறிஸ்துமஸ் பானை மணக்கும்

மெக்சிகோவில் டிசம்பர் 16 தொடங்கி 24 வரை ஒன்பது இரவும் தெருவில் ஊர்வலம் நடக்கும். மரியாளும் யோசேப்பும் பெத்லகேமில் தங்க இடம் கேட்டு அலைந்ததை நடித்தபடி, மெழுகுவர்த்தியும் பாட்டுமாக வீடு வீடாகக் கதவைத் தட்டுவார்கள். இடமில்லை என்ற பதிலும் பாட்டாகவே வரும். கடைசி வீட்டில் கதவு திறக்கும். அங்கே அடுப்பில் ஒரு பெரிய பானை கொதித்துக்கொண்டிருக்கும். வெல்லத் தண்ணீரில் பழங்களைப் போட்டு, பட்டையும் கிராம்பும் சேர்த்துக் காய்ச்சிய சூடான பழரசம் அது. 'போஞ்சே' என்பார்கள். குவளையில் ஊற்றிக் குடித்துவிட்டு, அடியில் தங்கும் பழத்தைக் கரண்டியால் எடுத்துத் தின்பார்கள். அந்த ஊர்வலம் தொடங்கும் 16-ம் தேதிதான் பெரும்பாலும் நமக்கு மார்கழி பிறக்கும் நாள். சேலம், நாமக்கல் பக்கத்துத் தேவாலயங்களிலிருந்து கேரல் குழுக்கள் வீடு வீடாகக் கிளம்புவதும் அதே வாரங்களில்தான். பாடிப் பாடித் தொண்டை வறண்டு நிற்பவர்களுக்கு நாம் டீயும் பாக்கெட் கேக்கும் கொடுத்து அனுப்புகிறோம். அந்த வாசலில் இந்தப் பானையை ஏற்றலாம். அதற்கு வேண்டிய சாமான்களில் முக்கால்வாசி நம் சமவெளியிலும் அதைச் சுற்றியுள்ள மலைகளிலும் விளைகிறது. கைநழுவிப் போய்க்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று, நிறம் மாற்றாத வெல்லம்.

பானைக்குள் போவது என்ன என்று பார்த்தால் நம் மளிகைச் சிட்டை மாதிரிதான் இருக்கிறது: கரும்பு, கொய்யா, புளி, பட்டை, கிராம்பு, உலர்ந்த திராட்சை, ஆப்பிள் அல்லது பேரிக்காய், 'தெஹோகோத்தே' என்ற சிறு பழம், 'பிலோன்சியோ' என்ற கூம்பு வெல்லம். சில வீடுகளில் சிவப்புக்கும் புளிப்புக்கும் புளிச்சக்கீரை இனத்துச் செடி ஒன்றின் காய்ந்த சிவப்புப் புல்லிகளையும் போடுகிறார்கள். இதில் கரும்பு அந்த மண்ணுக்குச் சொந்தமானதில்லை. 1493-ல் கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் கரீபியத் தீவுகளுக்குப் போய், சில பத்தாண்டுகளில் மெக்சிகோவில் வேரூன்றியது. சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் கைவேலை அதற்கும் வெகுகாலம் முன்பே இந்தியாவிலிருந்து கிளம்பி, பாரசீகம், அரபு நாடுகள், ஸ்பெயின் என்று நகர்ந்து அங்கே போய்ச் சேர்ந்தது. பட்டை இலங்கை மரத்தினுடையது; இலங்கைப் பட்டைக்கு இன்றும் மெக்சிகோதான் பெரிய வாடிக்கை. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகாபுல்கோவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்கள் ஆசியச் சரக்கை அந்தக் கரையில் இறக்கிக்கொண்டே இருந்தன. கொய்யா எதிர்த் திசையில் வந்தது. அமெரிக்கக் கண்டத்துப் பழத்தைப் போர்ச்சுகீசியர் நம் பக்கம் கொண்டுவந்தார்கள். ஒன்பது இரவு வழிபாட்டை மெக்சிகோவில் 16-ம் நூற்றாண்டின் கடைசியில் அகஸ்தீன் சபைத் துறவிகள் தொடங்கிவைத்தார்கள். அதற்கு ஒரு தலைமுறை கழித்து, 1623-ல், தத்துவபோதகர் ராபர்ட் தெ நொபிலி மதுரையிலிருந்து சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். உள்ளூர் உடையையும் உணவையும் ஏற்றுக்கொண்டே மதத்தைச் சொன்னவர் அவர். இந்தச் சமவெளியின் கிறிஸ்தவம் அப்படித் தொடங்கியது என்பதால், கிறிஸ்துமஸ் இரவில் வெல்லமும் புளியும் கொதிப்பது அதன் பழைய சுபாவத்தோடு ஒத்துத்தான் போகும்.

உள்ளூரில் கிடைக்காத பழம் தெஹோகோத்தே மட்டும். நெல்லிக்காய் அளவில், ஆரஞ்சு மஞ்சளாக, மாவுச் சதையும் உள்ளே கொட்டைகளுமாக இருக்கும். பெக்டின் மிகுந்த பழம் என்பதால் ரசத்துக்கு ஒரு கொழகொழப்பைக் கொடுக்கிறது. நமக்கு அந்த இடத்தில் இலந்தையைவிடப் பொருத்தமான பழம் இல்லை. ஒட்டுரகப் பெரிய இலந்தை வேண்டாம், அதில் தண்ணீர்தான் அதிகம். மார்கழி, தையில் பள்ளிக்கூட வாசலில் படியில் அளந்து விற்கும் நாட்டு இலந்தை வேண்டும். கொதியில் அதன் தோல் வெடித்து, மாவுச் சதை ரசத்தில் கலந்து, கொட்டை தனியே நிற்கும். பெக்டினைக் கொய்யா பார்த்துக்கொள்ளும். ஆப்பிளுக்குப் பதிலாகக் கொல்லிமலை அன்னாசியைப் போடலாமே என்று தோன்றலாம். கூடாது. அன்னாசி வாசனை மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். ஏற்காட்டுக் கமலா ஆரஞ்சுத் தோலில் வெள்ளை நீக்கிய ஒரு கீற்று போதும். கரும்புக்குச் செங்கரும்புதான் சரி, ஆலைக் கரும்பு மெல்லப் பல் வேண்டும். எடப்பாடிக்கு அந்தப் பக்கம் பூலாம்பட்டிக் காவிரிக் கரையில் பொங்கலுக்கென்று நிற்கும் செங்கரும்பில், கிறிஸ்துமஸுக்குள் நாலைந்து கழி கேட்டு வாங்கிவிட முடியும்.

காய்ச்சும் முறையில் அவசரம் மட்டும் ஆகாது. 5 லிட்டர் தண்ணீருக்கு 600 கிராம் வெல்லம் கணக்கு. முதலில் வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டிவிட வேண்டும், மண் நின்றுவிடும். வடித்த கரைசலோடு மீதித் தண்ணீரையும் ஊற்றி, இரண்டு மூன்று சுருள் பட்டை, ஐந்தாறு கிராம்பு, தோல் சீவி விரல் நீளத்துக்குப் பிளந்த கரும்பு எல்லாவற்றையும் போட்டு மிதமான தீயில் இருபது நிமிடம் விட வேண்டும். மளிகைக் கடையில் பட்டை என்று கேட்டால் மரச்சில்லு மாதிரி தடித்த பட்டையைத்தான் பெரும்பாலும் எடுத்துப் போடுவார்கள். அது வேறு மரம், காரமும் கூடுதல். மெல்லிய ஏடுகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். அடுத்து இலந்தை கால் கிலோ, எலுமிச்சை அளவு புளியைக் கரைத்த தண்ணீர். டிசம்பரில் கடையில் இருப்பது போன வருஷத்துப் பழம்புளி. நிறமும் புளிப்பும் ஏறியிருக்கும் என்பதால் கை காத்துப் போட வேண்டும். கொய்யா அரை கிலோவைக் கடைசி இருபது நிமிடத்துக்குத்தான் சேர்க்க வேண்டும், அதுவும் முக்கால் பழமாக. முழுக்கப் பழுத்தது கரைந்து கூழாகிவிடும். ஆப்பிள் துண்டும் உலர்ந்த திராட்சையும் கொய்யாவோடு போகட்டும். மொத்தம் ஒரு மணி நேரம் ஆகும். புளிப்பு இருப்பதால் அலுமினியப் பாத்திரம் உதவாது. எவர்சில்வர் அண்டாவோ மண்பானையோ எடுக்கலாம்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் ருசியைத் தீர்மானிப்பது வெல்லம்தான். மெக்சிகோக்காரர்கள் அந்தக் கூம்பு வெல்லத்துக்கு மாற்றாக வெள்ளைச் சர்க்கரையை ஒப்புக்கொள்வதில்லை. கறுத்த கூம்பில் இருக்கும் புகை மணமும் லேசான கசப்பும்தான் புளியையும் பழத்தையும் ஒன்றாக்குகின்றன. அப்படி ஒரு வெல்லத்துக்கு இந்தச் சமவெளியைப் போல வசதியான இடம் குறைவு. பரமத்தி வேலூர், கபிலர்மலை, ஜேடர்பாளையம், சோழசிராமணி என்று காவிரியை ஒட்டிய ஊர்களில் வெல்ல ஆலைகள் இருக்கின்றன. பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தையில் உருண்டையும் அச்சும் 30 கிலோ சிப்பமாக ஏலம் போகின்றன. ஓமலூர்ப் பக்கத்துச் சரக்கு சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு வருகிறது. ஆலையில் நடப்பதும் எளிய வேலைதான். காய்ந்த சக்கையை எரித்து அகலக் கொப்பரையில் சாற்றைக் கொதிக்க விடுவார்கள். சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்து, பொங்கி வரும் அழுக்கைச் சல்லடைக் கரண்டியால் அள்ளி எறிவார்கள். சில இடங்களில் நசுக்கிய வெண்டைத் தண்டை ஊறவைத்த வழுவழுப்பு நீரை ஊற்றி அழுக்கைத் திரளச் செய்வார்கள். பாகு பதத்துக்கு வந்ததும் மரத் தொட்டியில் கொட்டிக் கிளறி, சூடு ஆறும்போது துணியில் உருட்டுவார்கள். 100 கிலோ கரும்புக்குச் சுமார் 10 கிலோ வெல்லம் கிடைக்கும். இப்படி வரும் வெல்லம் பழுப்பு, அல்லது இன்னும் கறுப்பு. வெளிர் மஞ்சளாக வருவது அரிது.

சந்தை கேட்பதோ வெளிர் மஞ்சளைத்தான். பொங்கல் பானையில் வெல்லம் போட்டால் சாதம் பொன்னிறமாக இருக்க வேண்டும் என்று ஆரம்பித்த ஆசை, இப்போது ஏலத்தில் விலை சொல்லும் அளவுகோலாகிவிட்டது. நிறத்துக்காக ஹைட்ரோஸ் எனும் சோடியம் ஹைட்ரோசல்பைட் கொப்பரைக்குள் போகிறது. கட்டி இறுகவும் எடை கூடவும் அஸ்கா எனும் வெள்ளைச் சர்க்கரை மூட்டையே பிரித்துக் கொட்டப்படுவதாக ஒவ்வொரு பொங்கலுக்கு முன்பும் செய்தி வருகிறது. வெல்லத்தில் கந்தக டைஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று நாட்டின் உணவுத் தர விதி சொல்கிறது. அதே விதி, சுக்ரோஸ் 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றும் சொல்கிறது. அஸ்கா என்பதே ஏறக்குறைய முழுச் சுக்ரோஸ். அதைக் கலந்தால் வெல்லம் அந்தச் சோதனையில் இன்னும் நன்றாகத் தேறும்! கலப்படத்தைப் பிடிக்க வேண்டிய எண்ணே கலப்படத்துக்குத் துணை நிற்பது எவ்வளவு பெரிய ஓட்டை. பழரசப் பானையில் இந்த வெளுத்த வெல்லம் தப்பிக்க முடியாது. பொங்கலில் பாலும் நெய்யும் ஏலக்காயும் மூடி மறைத்துவிடும். இங்கே புளிப்பும் சூடும் சேர்கின்றன. புளிப்பான கொதிநீரில், ஹைட்ரோஸ் விட்டுச்செல்லும் சல்பைட்டு உடைந்து கந்தக வாயுவாக மேலே வரும். தீக்குச்சி உரசிய நெடி ஆவியோடு மூக்கில் ஏறும். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு சல்பைட்டு ஆகாது, மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும். மார்கழிப் பனியில் பாடிவிட்டு வரும் குழந்தைகள் கையில் அந்தக் குவளையைக் கொடுப்பதை நினைத்தால் மனம் பதறுகிறது.

நம்மிடம்தான் சுக்கு மல்லிக் காபி இருக்கிறதே, மெக்சிகோப் பானம் எதற்கு என்று கேட்பார்கள். சுக்குக் காபி ஒரு டம்ளரில் முடிந்துபோகும் மருந்துக் குடி. அதன் காரத்தைச் சிறு பிள்ளைகள் தொடமாட்டார்கள். பானகம் கோடைத் திருவிழாவுக்கு உரியது. பழத்தைத் தின்றபடி குடிக்கும், ஐம்பது பேருக்கு ஒரே அண்டாவில் ஆகும் சூடான பானம் நம் குளிர்காலத்தில் இல்லை. அந்தக் காலி இடத்தில் இது உட்காரும். இனிப்பு அதிகம் என்பது நியாயமான கவலை, சர்க்கரை நோய் உள்ளவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது. அஸ்காவைப் போட்டுக் காய்ச்சிவிட்டால் கந்தகப் பிரச்சினையே இல்லையே என்ற வாதம் பார்ப்பதற்குத்தான் புத்திசாலித்தனம். அப்படிக் காய்ச்சிய ரசத்தில் இனிப்பும் புளிப்பும் தனித்தனியே நிற்கும், பழம் சர்க்கரைப் பாகில் ஊறிய மிட்டாய் ஆகிவிடும். அதைவிட, கரும்பு விளையும் மாவட்டத்தில் வெல்லத்தை நம்ப முடியவில்லை என்று அஸ்காவுக்குப் போவது, கலப்படக்காரர் கையில் சந்தையை ஒப்படைப்பதாகும்.

ஆலைக்காரர்கள் தரப்பில் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. வெட்டுக்கூலியும் ஆள்கூலியும் ஏறிவிட்டன, கறுத்த சிப்பத்தை ஏலத்தில் யாரும் முதலில் தொடுவதில்லை. ஆனால் வெளுப்பால் அவர்களுக்குக் கிடைக்கும் லாபத்துக்கு ஆயுள் குறைவு. ஹைட்ரோஸ் போட்ட வெல்லம் சில வாரங்களில் நிறம் மாறிக் கறுக்கத் தொடங்கும், ஈரம் இழுத்துக் கசியும். இருப்பு வைக்கும் வியாபாரி அடுத்த முறை விலையைக் குறைப்பார். கறுப்பாக இருப்பதெல்லாம் நல்லது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உப்புத் தண்ணீர் பாய்ந்த நிலத்துக் கரும்பு கறுத்த வெல்லம்தான் தரும், வாயில் கரிக்கும். அடிபிடித்த பாகும் கறுக்கும், அது காந்தல் கசப்பு. உருண்டையை உடைத்து ஒரு துணுக்கை நாக்கில் வைத்தால் இரண்டும் உடனே தெரிந்துவிடும். புளித்தண்ணீரில் ஒரு கட்டியைப் போட்டு ஒரு கொதி விட்டு முகர்ந்தால் கந்தகமும் தெரியும். இந்தச் சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம்.

கடையில் கிலோ கணக்கில் தேடுவதைவிடச் சேர்ந்து வாங்குவதில்தான் வழி இருக்கிறது. ஒரு சிப்பம் 30 கிலோ, அதில் ஐந்து லிட்டர் கணக்கில் ஐம்பது பானை காய்ச்சலாம். ஒரு பங்கின் கேரல் வாரம் முழுவதற்கும், நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வெளியே வருகிறவர்களுக்கும் அது தாராளம். நாலைந்து தேவாலயங்கள் சேர்ந்து கேட்டால், மருந்து போடாத கொப்பரை ஒன்றைத் தனியாக இறக்கித் தர ஒரு ஆலை முன்வருவது சிரமமில்லை. நிறத்தைக் காட்டி விலை குறைக்க மாட்டோம் என்று முதலிலேயே பேசிவிட வேண்டும், சாறு காயும்போது ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கார்த்திகைக்குள் சொல்லி வைத்துவிடுவது நல்லது. மார்கழி பிறந்துவிட்டால் ஆலைகள் பொங்கல் சரக்குக்கு இறங்கிவிடும், தனிக் கொப்பரை ஏற்ற அடுப்பு காலி இருக்காது.