கொறங்காட்டு ஆட்டுப்பட்டியும் காவல் நாயும்

கொங்கு நாட்டின் வறண்ட பகுதிகளான காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் கொறங்காடு எனப்படும் தனியார் மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரங்களும் நிறைந்த இந்நிலங்களைக் கிளுவை உயிர்வேலி சூழ்ந்திருக்கும். மேச்சேரி, மயிலம்பாடி இனச் செம்மறிகளை உள்ளே விட்டுப் படலை அடைத்துவிட்டால், மேய்ப்பவர் உடனிருக்க வேண்டியதில்லை. இங்குக் காவல் என்பது வேலியே. அண்மைய ஆண்டுகளில் தெருநாய்கள் வேலிச்சந்து வழியே புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது தொடர்கிறது. இறந்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி உழவர்கள் இழப்பீடு கோரிப் போராடியுள்ளனர். இச்சூழலில், காவல் நாயை வளர்ப்பது தீர்வாகுமா என்ற வினா எழுகிறது.

நாட்டு நாய் அனைத்தும் மந்தைக் காவலுக்கு ஏற்றவை என்று கருதுவது பிழை. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடும் முயலைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிப்பதற்கு வளர்க்கப்பட்டவை. கோம்பையும் ராஜபாளையமும் வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் பெயர்பெற்றவை. 2005 சனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாயின அஞ்சல்தலைகளுள் ராஜபாளையத்துடன் இமயமலை ஆட்டுநாயும் இடம்பெற்றது. தலைப்பு ஒன்றாயினும் தொழில் வேறு. வேட்டைநாய்க்கு ஓடும் உயிர் இரை. மிரண்டோடும் ஆடும் அவ்வாறே தோன்றக்கூடும். மந்தைக் காவல் நாயோ துரத்துவதைவிட, மந்தைக்கும் பகைக்கும் இடையே நின்று குரைத்து, வருவதைத் தடுத்து நிறுத்துகிறது.

இவ்வியல்பு பிறவியால் மட்டும் அமைவதன்று. அமெரிக்காவின் ஹாம்ப்ஷயர் கல்லூரியில் 1970களின் பிற்பகுதி முதல் இந்நாய்களை ஆராய்ந்த ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் இணையர், நல்ல காவல் நாய்க்கு மூன்று பண்புகளைக் கூறினர்: ஆட்டுக்குத் தீங்கு செய்யாமை, மந்தையைவிட்டு அகலாமை, பகையை எதிர்த்தல். முதலிரண்டும் குட்டிப் பருவத்திலேயே வேர்கொள்கின்றன. பிறந்த 3ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 14ஆம் வாரம் வரை எவ்வுயிர்களோடு பழகுகிறதோ, அவற்றையே நாய் தன் கூட்டமாக ஏற்கிறது. நாய்க்குட்டியைக் குருளை என்று வழங்கிய தொல்காப்பிய மரபியல் இங்கு நினைவுக்கு வருகிறது. காவல் நாயின் தொழில் அக்குருளைப் பருவத்திலேயே முடிவாகிவிடுகிறது. வீட்டுத் திண்ணையில் குழந்தைகளோடு வளர்ந்த நாயை ஓராண்டு கழித்துப் பட்டியில் விட்டால், அது வீட்டையே தேடி வரும்.

எனவே, காவல் நாயை மதித்தல் என்பது அதனைக் கொஞ்சுவதன்று. அதன் தொழிலுக்கு இடம்விடுவது. பகலெல்லாம் குறுஞ்சங்கிலியில் கட்டி இரவில் அவிழ்த்துவிடும் வழக்கம் நாயை மந்தையிலிருந்து பிரிக்கிறது. அளவுமீறிக் கட்டிவைப்பது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றமுமாகும். உணவு பட்டியிலேயே கிடைக்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி தவறக்கூடாது, ஏனெனில் அது எதிர்கொள்வது தெருநாய்களை. பல தெருநாய்கள் சேர்ந்து வருமிடத்து ஒற்றை நாய் காயமுறும். உரிமையாளர் நகரில் குடியிருந்து கொறங்காட்டுக்கு வாரம் ஒருமுறை வருவாராயின், ஆட்டிழப்போடு நாயிழப்பும் சேரும்.

இத்தகைய நாய் முதிர்ந்து பொறுப்பேற்க ஒன்றரை முதல் இரண்டாண்டு ஆகும். அதுவரை கிளுவை வேலியின் அடிச்சந்துகளை முள்ளிட்டு அடைப்பதும், அந்தியில் ஆடுகளைப் பட்டிக்கு ஓட்டி அடைப்பதும் உழவரின் வேலையாகவே இருக்கும்.