ஐப்பசி பிறந்தால் ஆட்டம் பிறக்கும்

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. அமெரிக்க நாட்டிலே கூடைப்பந்தாட்டத்தின்மீது தீராத காதல் கொண்ட இரசிகர்களைக் கேட்டால், வழி பிறப்பது ஐப்பசியிலேதான் என்று அடித்துச் சொல்வர். ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதத்தின் பிற்பகுதியில், நமது ஐப்பசி பிறந்து சில நாட்கள் செல்ல, அந்நாட்டின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டப் பருவம் தொடங்கிவிடுகின்றது. அன்று தொட்டு அடுத்த ஆண்டு யூன் மாதம் வரையில் அவ்விரசிகர்களின் உணவும் உறக்கமும் ஆட்ட அட்டவணையை அனுசரித்தே நடைபெறும். நியூயோர்க் நகரில் இரவு 7.30 மணிக்குத் தொடங்கும் ஒக்டோபர் மாத ஆட்டத்தை நம் நாட்டிலிருந்து காண விரும்பும் இளைஞன், விடியற்காலை 5 மணிக்கே எழுந்திருக்க வேண்டும். பரீட்சைக்குப் படிக்கவென எழுப்பினால் எழும்பாத பிள்ளை இதற்கு மாத்திரம் தானாகவே எழும்பிவிடுகின்றானே என்று வியக்கும் பெற்றோருக்காகவும் இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

ஒரு விளையாட்டின் தொடக்க நாளிலே இத்துணை ஆனந்தம் எதற்கு? வெற்றி பெற்ற பின்னர் மகிழ்வது இயல்பு. ஒரு பந்தும் வீசப்படுவதற்கு முன்னரே மகிழ்வதற்குக் காரணம் யாது? இவ்வினாவுக்கு விடை காண, முதலில் அவ்வாட்டத்தின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும்.

பழக்கூடையிற் பிறந்த ஆட்டம்

1891 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே, அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் என்னும் ஊரில், வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தார் நடத்திய பயிற்சிப் பாடசாலையில் ஆசிரியராயிருந்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர். இவர் கனடா நாட்டிற் பிறந்தவர். பனிக் காலத்தில் வெளியே சென்று விளையாட முடியாத மாணவர்கள் மண்டபத்தினுள்ளே ஆடுவதற்கு ஓர் ஆட்டம் வகுக்குமாறு அவர் பணிக்கப்பட்டார். பீச் பழம் இடும் கூடைகள் இரண்டை எடுத்து, மண்டபத்தின் இரு பக்கத்து மேன்மாடக் கைப்பிடிகளில் அறைந்து, 13 விதிகளையும் எழுதி ஒட்டினார். மாணவர் 18 பேர் ஆதலின், பக்கத்துக்கு 9 பேராக ஆடினர். அம் முதலாட்டத்தில் ஒரே ஒரு தடவைதான் பந்து கூடையுள் விழுந்தது. கூடையின் அடி திறவாதிருந்தமையால், விழுந்த பந்தை ஒருவர் மேலேறி எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அன்று கைப்பிடியின் உயரம் 10 அடி. இன்றும் கூடையின் உயரம் 10 அடியே.

நமது பெண் பிள்ளைகள் பாடசாலைகளில் ஆடும் வலைப்பந்தாட்டம் இவ்வாட்டத்தின் வழித்தோன்றலே. கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குச் சென்ற கூடைப்பந்தாட்டம் அங்கு மாற்றமுற்று வலைப்பந்தாட்டமாயிற்று. யாழ்ப்பாணத்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் இலங்கைக் குழுவுக்காக உயர்ந்த வலையிற் பந்திட்டுப் புகழ் பெற்றதும் அந்த வழித்தோன்றலிலேதான். ஆகவே இது நமக்கு முற்றிலும் அந்நியமான ஆட்டமன்று.

ஆட்டத்தைக் காத்த கணக்கு

நிற்க. தொழில்முறைச் சங்கம் 1946 ஆம் ஆண்டில் 11 குழுக்களுடன் உருவாகி, 1949 இல் மற்றொரு சங்கத்துடன் இணைந்து, தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கம் என்னும் இப்போதைய பெயரைப் பெற்றது. ஆனால் விரைவிலேயே அதற்கு ஒரு நோய் பிடித்தது. முன்னணியில் நிற்கும் குழு, பந்தை வைத்துக்கொண்டு கூடையை நோக்கி எறியாமலே காலத்தைக் கடத்தத் தொடங்கியது. 1950 ஆம் ஆண்டு நவெம்பர் 22 ஆம் நாள் போட் வெயின் பிஸ்ரன்ஸ் குழு, மினியாப்பொலிஸ் லேக்கேர்ஸ் குழுவை 19 இற்கு 18 என்ற புள்ளிக் கணக்கில் வென்றது. காசு கொடுத்து வந்தவர்கள் 48 நிமிட ஆட்டத்திலே கண்ட புள்ளிகள் 37 மாத்திரமே!

இந்நோய்க்கு மருந்து தேடியவர்களுள் முதன்மையானவர் சிறக்கியூஸ் நகரக் குழுவின் உரிமையாளரான டனி பியாசோன். நல்ல விறுவிறுப்பான ஆட்டங்களில் இரு குழுக்களும் ஏறக்குறைய 60 தடவை வீதம், ஆக 120 தடவை கூடையை நோக்கி எறிகின்றன என்று கண்டார்கள். 48 நிமிடம் என்பது 2,880 விநாடி. அதனை 120 ஆற் பிரித்தால் 24. எனவே பந்தைப் பெற்ற குழு 24 விநாடிக்குள் எறிந்தே தீரவேண்டும் என்ற விதி 1954 ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பருவத்தில் ஒரு குழு ஓர் ஆட்டத்தில் எடுத்த சராசரிப் புள்ளி 79.5, விதி வந்த முதற் பருவத்திலேயே அது 93.1 ஆக உயர்ந்தது. கணிதம் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவருக்கு இதைக் காட்டிலும் சுவையான உதாரணம் கிடைத்தல் அரிது. அந்த முதற் பருவத்தின் வாகையும் சிறக்கியூஸ் குழுவுக்கே கிட்டியது. இறுதியில் அவர்கள் ஒரே ஒரு புள்ளியால் வென்றது, மேலே கூறிய போட் வெயின் குழுவைத்தான்.

எல்லோர்க்கும் ஒரே பூச்சியம்

இன்று அச்சங்கத்தில் 30 குழுக்கள் உள்ளன. கிழக்கு, மேற்கு என இரு பிரிவுகளில் 15 வீதம் அவை நிற்கின்றன. ஒவ்வொரு குழுவும் தன் ஊரில் 41, பிறவூர்களில் 41 எனப் பொதுவாக 82 ஆட்டங்கள் ஆடும். ஏப்ரலில் அவை முடிந்ததும், சிறந்த குழுக்கள் நான்கு சுற்றுக்களிலே மோதும். ஒவ்வொரு சுற்றிலும் ஏழு ஆட்டங்களுள் நான்கை வென்றவரே மேற்செல்வர். ஆக, வாகை சூடுவதற்கு முடிவுச் சுற்றுக்களில் 16 வெற்றிகள் வேண்டும்.

ஐப்பசித் திங்களில் இந்த 30 குழுக்களும் வெற்றியும் பூச்சியம், தோல்வியும் பூச்சியம் என்ற ஒரே நிலையில் நிற்கின்றன. கடந்த ஆண்டு கடைசியில் வந்தவனும் முதலில் வந்தவனும் அன்று சமம். இன்னுமொன்று: பின்தங்கிய குழுக்களுக்கே புதிய இளம் வீரர்களை முதலிலே தெரிவு செய்யும் வாய்ப்பு அதிகம். 1985 முதல் இதற்கெனச் சீட்டுக் குலுக்கலும் நடைபெறுகின்றது. வலியவன் என்றும் வலியவனாக இருந்துவிடலாகாது என்பதே இவ்வேற்பாட்டின் நோக்கம். அது வீண்போகவில்லை. 2019 முதல் 2025 வரையிலான ஏழு ஆண்டுகளில் ஏழு வெவ்வேறு குழுக்கள் வாகை சூடின. அவற்றுள் முதலாவது, நம்மவர் பல்லாயிரவர் குடியேறி வாழும் கனடாவின் டொரொன்ரோ நகரக் குழு. அமெரிக்காவுக்கு வெளியேயுள்ள ஒரு குழு வென்றது அதுவே முதற் தடவை.

ஆகவே தொடக்க நாளில் இரசிகன் கொள்ளும் மகிழ்ச்சி நம்பிக்கையின் மகிழ்ச்சியாகும். விதைத்த அன்றே கமக்காரன் முகத்திற் காணும் மலர்ச்சி அது. மழை பெய்யுமோ பெய்யாதோ, வயல் உழுதாயிற்று.

52 ஆண்டு காத்திருந்த நகரம்

இந்நம்பிக்கை சில வேளை மிக நீண்ட காலம் சோதிக்கப்படுவதுண்டு. ஓகையோ மாநிலத்துக் கிளீவ்லன்ட் நகரத்தார் 1964 ஆம் ஆண்டு அமெரிக்க உதைபந்தாட்டத்தில் வாகை சூடிய பின்னர், பெரிய தொழில்முறை விளையாட்டு எதிலும் ஒரு வெற்றிக் கிண்ணத்தைக் கண்டாரில்லர். 2003 இல் அயலூராகிய அக்ரன் நகரத்து இளைஞர் லெப்ரோன் ஜேம்ஸ் அவர்களது கூடைப்பந்தாட்டக் குழுவில் சேர்ந்தார். ஊர்ப் பிள்ளை உயர்த்துவான் என்று நகரம் காத்திருந்தது. 2010 இல் அவர் மயாமி நகரக் குழுவுக்குச் சென்றுவிட்டார். மனமுடைந்த இரசிகர் சிலர் அவர் பெயர் பொறித்த சட்டைகளைத் தெருவிலிட்டு எரித்தனர். 2014 இல் அவர் மீண்டும் வந்தார். எரித்த நகரம் ஏற்றுக்கொண்டது.

2016 ஆம் ஆண்டு இறுதிச் சுற்றிலே எதிரே நின்றது, அப்பருவத்தில் 73 ஆட்டங்களை வென்று சாதனை படைத்த கோல்டன் ஸ்டேற் குழு. கிளீவ்லன்ட் 3 இற்கு 1 எனப் பின்தங்கியது. அந்நிலையிலிருந்து மீண்டு இறுதிச் சுற்றை வென்றவர் அதுவரை எவருமிலர். யூன் 19 ஆம் நாள் ஏழாவது ஆட்டத்திலே, 93 இற்கு 89 என்ற கணக்கில் கிளீவ்லன்ட் வென்றது. 52 ஆண்டுக் காலத்தில் பிள்ளைகள் தந்தையராகவும், தந்தையர் பாட்டனாராகவும் ஆகிவிட்டனர். காத்திருந்தவருள் எத்தனையோ பேர் அந்த நாளைக் காணாமலே கண்மூடினர். வாகை ஊர்வலத்தன்று வீதிகளில் இலட்சக்கணக்கானோர் கூடியதில் வியப்பென்ன?

குழுவை இழந்த நகரம்

காத்திருப்பதிலும் கொடிய துன்பம் ஒன்றுண்டு. அது காத்திருப்பதற்கே எதுவும் இல்லாமற் போவது. வாஷிங்ரன் மாநிலத்துச் சியாற்றில் நகரத்தில் 1967 முதல் ஒரு குழு ஆடிவந்தது. சூப்பர்சொனிக்ஸ் என்பது அதன் பெயர். 1979 இல் அது வாகையும் சூடியது. 2006 இல் அக்குழு ஒக்லஹோமாவைச் சேர்ந்தவர்களுக்கு விற்கப்பட்டது. விளையாட்டரங்கைப் பற்றிய பிணக்கு முற்றி, வழக்காகி, ஈற்றில் 2008 இல் 4½ கோடி டொலர் முதலிற் கொடுபட உடன்பாடாகிக் குழு ஒக்லஹோமா நகருக்குப் போய்விட்டது. பெயரும் நிறமும் மாத்திரம் சியாற்றிலில் தங்கின. 2008 ஏப்ரல் 13 ஆம் நாள் நடந்த கடைசி உள்ளூர் ஆட்டத்தில் அவர்கள் வெற்றியே பெற்றனர். வெற்றியோடு விடைபெறுதல் இனிதா, கொடிதா? 2025 இல் ஒக்லஹோமாக் குழு வாகை சூடியபோது, சியாற்றில் நகரத்து முதிய இரசிகரின் உள்ளம் பட்டபாட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

இது புதிய கதையுமன்று. 24 விநாடி விதியைத் தந்த சிறக்கியூஸ் குழு 1963 இல் பிலடெல்பியாவுக்குப் போயிற்று. போட் வெயின் குழு 1957 இல் டிற்றொயிற் சென்றது. ஏரிகள் நிறைந்த மினசோற்றா மாநிலத்திற் பெயர் பெற்ற லேக்கேர்ஸ் குழு 1960 இல் லொஸ் ஏஞ்சலிசுக்குப் பெயர்ந்தது. ஏரி அங்கே நின்றுவிட, பெயர் மாத்திரம் கூடச் சென்றது. 1946 இல் தொடங்கிய குழுக்களுள் பிறந்த நகரத்திலேயே இன்றளவும் நிலைத்திருப்பவை பொஸ்டன், நியூயோர்க் ஆகிய இரண்டே.

இரசிகனுக்கு எஞ்சுவது

இங்கேதான் இரசிகனுடைய அன்பின் இயல்பு நமக்குப் புலனாகின்றது. குழு அவனுடையதன்று, அரங்கும் அவனுடையதன்று. வீரர்கள் சம்பளத்துக்கு ஆடுகின்றனர். உரிமையாளர் இலாபத்துக்கு நடத்துகின்றனர். ஒன்றுக்கும் உரிமையில்லாதவனே எல்லோரினும் அதிகமாக மகிழ்கின்றான், எல்லோரினும் அதிகமாக அழுகின்றான். உலகியல் அறிந்தோர் இதனைப் பேதைமை என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. தந்தையின் தோளிலிருந்து முதன்முதற் கண்ட ஆட்டமும், தோற்ற இரவில் வீட்டார் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்ட பேச்சும் எந்த உடன்படிக்கையாலும் விற்கப்படக்கூடியவையல்ல. குழு ஊர்விட்டுப் போனாலும் அவை அவனிடமே எஞ்சும்.

ஆயினும் அன்புக்கு ஓர் அளவுண்டு. சட்டையை எரித்தவன் நான்கு ஆண்டுகளின் பின் அதே சட்டையைத் தேடி வாங்க நேர்ந்ததை மாணவர்கள் மறத்தலாகாது. சினத்தில் எரிப்பதற்கு முன் 24 விநாடி பொறுத்திருப்பது நன்று! 82 ஆட்டத்தில் 73 ஐ வென்றவரும் ஈற்றிலே தோற்றனர்; 52 ஆண்டு தோற்ற நகரமும் ஈற்றிலே வென்றது. தோல்வியை இவ்வளவு தெளிவாகக் கற்பிக்கும் பாடப் புத்தகம் வேறுண்டோ?

பெற்றோர்களே, ஐப்பசி மாதத்து விடியலில் உங்கள் பிள்ளை தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கக் கண்டால், உடனே கடிந்துவிடாதீர்கள். ஒரு கோப்பை தேநீருடன் அருகில் அமர்ந்து, எந்தக் குழு அவனுடையது என்று கேளுங்கள். பாடசாலை மணிக்குள் ஆட்டம் முடியாதாயின், மீதியை மாலையிற் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். இன்னும் 81 ஆட்டங்கள் இருக்கின்றன அல்லவா?