பழகிய கைக்கும் துணை வேண்டும்

முதல் பிரசவம் என்றால் சுற்றம் திரண்டு வரும். தாய்வீட்டில் மூன்று மாதத் தங்கல், வேளைக்கு ஒரு பத்தியக் குழம்பு, குழந்தையைக் குளிப்பாட்டத் தெரிந்த ஒரு பாட்டி, பகலில் அயர்ந்து உறங்கினால் எழுப்பாத வீட்டார் என்று இளந்தாயைச் சுற்றி ஒரு கோட்டையே எழும். இரண்டாம் பிரசவத்தில் அக்கோட்டையின் ஒரு சுவர் குறையும். மூன்றாம் பிரசவத்திலோ, ‘அவளுக்கென்ன, பழகிய கைதானே’ என்ற ஒரு சொல்லோடு அவரவர் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகின்றனர். மூத்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருப்பதால் தாய்வீட்டுக்குப் போகவும் வழியிருப்பதில்லை.

எங்கள் பேறுகால வார்டிலிருந்து விடைபெறும் தாய்மாருள், இரண்டு மூன்று சிறு பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்களை மனத்தில் கொண்டே இதனை எழுதுகிறோம். அவர்களைக் காட்டிலும், அவர்களை அழைத்துச் செல்ல வரும் கணவரும் மாமியாரும் உடன்பிறந்தோரும் இதைப் படிக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. பச்சிளங்குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். பால் கொடுத்து, தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்து, நனைந்த துணியை மாற்றி, மீண்டும் படுக்க வைக்க ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலே, 10 முறைக்கு 5 மணி நேரம் ஆகிறது. இந்த 5 மணி நேரம் தொடர்ந்து வருவதன்று. இரவும் பகலுமாகச் சிதறிக் கிடப்பது. நான்கு வயதுப் பெண்ணும் இரண்டு வயதுப் பையனும் உள்ள வீட்டில் அந்த இடைவெளிகளுக்குள்தான் மற்ற எல்லாம் நடந்தாக வேண்டும். பெரியவளுக்குத் தலை பின்னி, சீருடை மாட்டி, டிபன் பாக்ஸ் கட்டி, வேன் வருவதற்குள் வாசலில் நிறுத்த வேண்டும். சரியாக அந்த நேரத்தில் கைக்குழந்தை வீறிடும். சின்னவன் கழிப்பறையிலிருந்து கூப்பிடுவான். பழகிய கை என்றாலும் கை இரண்டுதானே!

பழக்கம் கையின் தடுமாற்றத்தைக் குறைக்கும் என்பது உண்மை. உடலின் நோவை அது குறைப்பதில்லை. பிரசவத்துக்குப் பின் கருப்பை சுருங்கும்போது எழும் வயிற்றுவலி, முதல் பிரசவத்தைவிட அடுத்தடுத்த பிரசவங்களில் மிகுதியாகவே இருக்கும். குழந்தை பால் சப்பும் போது அவ்வலி கூடும். ‘முதல் இரண்டுக்கும் இப்படி வலிக்கவில்லையே’ என்று தாய் அஞ்சுவதும், ‘மூன்று பெற்றவளுக்கு இது தெரியாதா’ என்று வீட்டார் கேலி செய்வதும் வேண்டாதவை. வலி இயல்பானது, பாலூட்டும்போதும் உட்கொள்ளத்தக்க வலி மாத்திரையை மருத்துவர் எழுதித் தருவார். பல பிரசவம் கண்ட கருப்பை சில வேளை சரிவரச் சுருங்காமல் உதிரப்போக்கு மிகுவதும் உண்டு. ஆகவே மூன்றாம் பேற்றில் தாயைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டுமே அன்றி, குறைவாக அன்று.

அறுவைச் சிகிச்சை ஆனவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. தன் குழந்தையின் எடைக்கு மேல் எதையும் 6 வாரங்களுக்குத் தூக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லி அனுப்புகிறோம். தண்ணீர்க் குடத்தையும் அரிசி மூட்டையையும் நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். வாசலில் ஓடி வந்து இரு கைகளையும் நீட்டுகிற 11 கிலோ இரண்டு வயதுப் பிள்ளையை அப்போது யாரும் நினைப்பதில்லை. அவனைத் தூக்காமலிருக்க எந்தத் தாயாலும் முடியாது. அதற்கு ஒரு வழி உண்டு: தாய் முதலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட வேண்டும், பிள்ளை தானாக ஏறி அருகில் அமரட்டும். வயிற்றின்மேல் ஒரு தலையணை இருந்தால் தையலில் உதை படாது. வீடு திரும்பும் நாளன்று கைக்குழந்தையைப் பாட்டியோ தந்தையோ ஏந்தி வரட்டும். மூத்த பிள்ளைகளைத் தழுவிக்கொள்ளத் தாயின் கை அந்த ஒரு நிமிடமாவது வெறுங்கையாக இருக்கட்டும்.

உதவிக்கு வருவோரைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். வந்தவர் முதலில் செய்வது குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்வது. குழந்தை அவர் மடியில் உறங்க, தாய் எழுந்து அவருக்குக் காபி கலக்கப் போகிறார். இது தலைகீழ் உதவி. குழந்தையைத் தாயிடமே விட்டுவிட்டு, மற்ற வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். துணி துவையுங்கள், பாத்திரம் தேயுங்கள், ரேஷன் கடைக்குப் போய் வாருங்கள், பெரியவளின் வீட்டுப்பாடத்தைப் பாருங்கள், சின்னவனைத் தெருமுனை வரை நடத்திச் சென்று வாருங்கள். அந்த அரை மணி நேரத்தில் தாய் உறங்கினால் அதைவிடப் பெரிய சீர்வரிசை இல்லை. தாய்க்குப் பால் ஊறுவதும் குழந்தை அடிக்கடி குடிப்பதாலேயே. குழந்தையை நெடுநேரம் தாயிடமிருந்து பிரித்து வைப்பது அதற்கும் கேடு.

உணவைப் பற்றி ஒரு சொல். பாலூட்டும் தாய்க்கு முதல் 6 மாதங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கிலோகலோரி கூடுதலாகத் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. பத்தியத்தின் பேரால் கீரையையும் பழத்தையும் மறுத்து, தண்ணீரையும் அளந்து கொடுக்கும் வீடுகள் இன்னும் உள்ளன. பூண்டுக் குழம்பும் கருவாடும் நல்லவையே. அவற்றோடு மற்றவற்றையும் கொடுங்கள். பல பிள்ளைகள் உள்ள வீட்டில் வேறொன்றும் நடக்கிறது. எல்லோருக்கும் ஊட்டி முடித்துவிட்டு, பிள்ளைகள் மிச்சம் வைத்ததை வழித்து உண்பதே தாயின் உணவாகிவிடுகிறது. அவருக்கென ஒரு தட்டை முதலில் எடுத்து வைப்பது கணவரின் வேலையாக இருக்கட்டும்.

இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின் 180 நாள்கள் உட்கொள்ள வேண்டும். அம்மாத்திரை தாய்க்கு மருந்து. மிட்டாய் என்று எண்ணிச் சில மாத்திரைகளை விழுங்கிவிடும் சிறு குழந்தைக்கோ உயிருக்கே ஆபத்தான நஞ்சு. தலையணைக்கு அடியிலும் சன்னல் விளிம்பிலும் அதை வைக்கக் கூடாது. பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டக்கூடிய இடத்தில் வையுங்கள். தவறி விழுங்கிவிட்டால், நன்றாகத்தானே விளையாடுகிறான் என்று காத்திராமல் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

இனி மூத்த பிள்ளைகள். விட்டுப்போன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் வழக்கம் திரும்புவதும், விரல் சூப்புவதும், மழலையாகப் பேசத் தொடங்குவதும், எனக்கும் பால் வேண்டும் என்று அடம் பிடிப்பதும் இந்நாள்களில் இயல்பு. இது பிடிவாதம் அன்று; தன் இடம் போய்விட்டதோ என்ற அச்சம். ‘நீ பெரியவனாகிவிட்டாய்’ என்று இரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்வதைப் போலக் கொடியது வேறில்லை என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. நேற்று வரை அவன்தானே வீட்டின் சின்னவன்! இன்னும் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையாயின் முற்றிலும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் சீம்பாலும் சரி, பின் வரும் பாலும் சரி, முதலில் புதுக்குழந்தைக்கு, பிறகே மூத்ததற்கு. தாய் பாலூட்ட அமரும் போதெல்லாம் சின்னவனுக்கென ஒரு கிண்ணத்தில் பொரியும் ஒரு படப்புத்தகமும் பக்கத்தில் இருந்தால், அந்த நேரம் அவனுக்கும் உரிய நேரமாகிவிடும்.

அன்பினாலும் விபத்து நேரும். தம்பிக்குப் பசிக்கிறது என்று மூன்று வயது அக்காள் முறுக்குத் துண்டை அவன் வாயில் திணிப்பாள். அழுகையை நிறுத்தத் தூளியை வேகமாக ஆட்டுவாள்; தூக்கிக்கொண்டு நடக்கவும் முயல்வாள். அவளை அதட்டி விரட்டினால், யாரும் பார்க்காத போது செய்வாள். உட்கார வைத்து, மடியில் தலையணை இட்டு, பெரியவர் ஒருவர் அருகில் இருக்கக் குழந்தையை அவள் மடியில் வையுங்கள். துணி எடுத்து வருவது, விசிறுவது போன்ற வேலைகளை அவளுக்குக் கொடுங்கள். சிறு பிள்ளைகளிடம் குழந்தையை விட்டுவிட்டுக் குளியலறைக்கும் போகாதீர்கள். உறங்கும் குழந்தை மல்லாந்து படுத்திருக்கட்டும். மூத்த பிள்ளைகள் அதை ஒட்டிப் படுக்க வேண்டாம்.

பள்ளியிலிருந்து பிள்ளை கொண்டு வருவது வீட்டுப்பாடம் மட்டுமன்று. சளியும் இருமலும் உடன் வரும். வந்தவுடன் சோப்பிட்டுக் கை கழுவி, உடை மாற்றிய பின்பே குழந்தையிடம் செல்லப் பழக்குங்கள். முகத்தில் முத்தமிட வேண்டாம், பாதத்தில் முத்தமிடலாம் என்று சொன்னால் பிள்ளைகள் மகிழ்ச்சியோடு கேட்கிறார்கள். புதுக்குழந்தையின் பரபரப்பில் மூத்த பிள்ளைகளின் தடுப்பூசி நாள் மறந்துபோவதையும் அடிக்கடி காண்கிறோம். 16 முதல் 24 மாதங்களுக்குள் போட வேண்டிய ஊக்க ஊசியும், 5 முதல் 6 வயதுக்குள் போட வேண்டியதும் கக்குவான் இருமலையும் தடுப்பவை. புதுக்குழந்தைக்கு அந்நோய்க்கு எதிரான முதல் ஊசி 6 வாரங்களில்தான் போடப்படுகிறது. அதுவரை அக்காள் அண்ணன்மார் போட்டுக்கொண்ட ஊசியும் அதற்கு ஒரு வேலி. எல்லாப் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளையும் ஒரே பையில் வைத்திருங்கள்.

ஒன்றை இங்கே சொல்லாமலிருக்க இயலவில்லை. மகப்பேறு நலச் சட்டம் 2017 இல் திருத்தப்பட்டபோது விடுப்பு 26 வாரங்களாக உயர்ந்தது; ஆனால் ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உள்ள தாய்க்கு அது 12 வாரங்களே. மத்திய அரசின் ஆண் ஊழியருக்கு உள்ள 15 நாள் தந்தைமை விடுப்பும் இரண்டு பிள்ளைகள் இருப்பவருக்குக் கிடைப்பதில்லை. விதிகளை வகுத்தோருக்கு அவர்களுடைய காரணம் இருக்கலாம். வீட்டில் நடப்பதை அறிந்த எங்களுக்கு, வேலை மிகுந்த இடத்தில் விடுப்புக் குறைகிறது என்பதே தெரிகிறது. அலுவலகம் தராததை உறவினர்தாம் முறைவைத்துத் தர வேண்டியிருக்கிறது.

பிரசவமான மூன்றாம் நான்காம் நாளில் காரணமின்றி அழுகை வருவது பலருக்கும் உண்டு. இரண்டு வாரங்களுக்குள் அது தணியும். தணியாமல், குழந்தை உறங்கும் போதும் உறக்கம் வராமல், எதிலும் பற்றில்லாமல், ‘நான் இல்லாவிட்டால் இவர்கள் நன்றாயிருப்பார்கள்’ என்ற எண்ணம் தலைகாட்டினால் அது நோய், சிகிச்சையால் தீரும். மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர் களைத்திருப்பது இயல்பு என்று வீட்டார் எண்ணிவிடுவதால் இது மறைந்தே கிடக்கிறது. எங்களிடம் வாருங்கள், வர முடியாதபோது 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். தம்மையோ குழந்தையையோ தீங்கு செய்துவிடும் எண்ணம் எழுந்தால் தாயைத் தனியே விடாமல் உடனே அழைத்து வர வேண்டும்.

கிராம சுகாதாரச் செவிலியரோ ஆஷா பணியாளரோ பிறந்த 3, 7, 14, 21, 28, 42 ஆம் நாள்களில் வீடு தேடி வந்து பார்க்கும் ஏற்பாடு உண்டு. அவர்கள் வரும்போது தாய் அடுப்படியில் நிற்க, பாட்டி மட்டும் பேசி அனுப்பிவிட வேண்டாம். தாயும் உட்கார்ந்து பேசட்டும்.

எல்லாவற்றையும்விட எங்களைக் கவலைக்குள்ளாக்குவது தாமதம். குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், துவண்டு கிடந்தாலும், வலிப்பு வந்தாலும், உடல் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ சுட்டாலும், தொட்டால் சில்லிட்டாலும், அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் படர்ந்தாலும், தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வைத்தாலும் காத்திருக்கக் கூடாது. தாய்க்கு ஒரு மணி நேரத்துக்குள் அணையாடை முழுவதும் நனையும் அளவு உதிரம் போனாலும், காய்ச்சலோ துர்நாற்றமோ கண்டாலும், கடுந்தலைவலியோடு பார்வை மங்கினாலும், மூச்சுத் திணறினாலும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அவ்வாறே.

இவை தெரிந்த தாய்மாரும் தாமதிக்கிறார்கள். ‘பெரியவள் பள்ளியிலிருந்து வரட்டும்’, ‘சின்னவனை யாரிடம் விடுவது’, ‘அவர் வேலை முடிந்து வந்துவிடட்டும்’ என்று மாலை இரவாகி, இரவு காலையாகிறது. ஆகவே வீடு திரும்பும் முன்பே ஒன்றை முடிவு செய்யுங்கள்: நள்ளிரவில் கூப்பிட்டாலும் மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கூடியவர் யார்? எதிர்வீட்டு அக்காவோ நாத்தனாரோ, அவரிடம் முன்கூட்டியே கேட்டு, அவருடைய தொலைபேசி எண்ணை 108 என்ற ஆம்புலன்ஸ் எண்ணுக்குக் கீழே எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். அவர் கிடைக்காவிட்டால் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டே புறப்பட்டு வாருங்கள். வந்தபின், அவர்களை எங்கே உட்கார வைப்பது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.