லயத்து வீட்டுப் பலகையில் பெயர் செதுக்க: சிஎன்சி இயந்திரமும் அது தரும் தொல்லைகளும்

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பிறகு, பல குடும்பங்களிடம் பழைய வாழ்க்கையின் அடையாளமாக எஞ்சியிருப்பவை சில பொருள்களே. ஒரு பால் வாளி, மங்கிப்போன குடும்பப் படம், இடிபட்ட லயத்து வீட்டிலிருந்து கழற்றி வந்த ஒரு கதவுப் பலகை. அந்தப் பலகையில் தோட்டத்தின் பெயரையோ தாத்தா பாட்டியின் பெயரையோ செதுக்கி, புதிய வீட்டு வரவேற்பறையில் மாட்ட வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு.

முன்பெல்லாம் இதற்குக் கைதேர்ந்த ஆசாரியைத் தேட வேண்டும். இப்போது மேசை மேல் வைக்கக்கூடிய சிறிய சிஎன்சி இயந்திரம் ஆயிரம் வெள்ளிக்குள்ளேயே கிடைக்கிறது. ஓய்வு நேரத்தில் மரவேலை செய்ய விரும்புவோர் இதை வாங்கி வீட்டின் பின்கட்டில் வைத்துப் பழகலாம்.

ஆனால், வெட்டும்போது கெட்டுப்போன பிளைவுட்டுக்குப் பதில் இன்னொன்றை வாங்கிவிடலாம். தாத்தா வீட்டுக் கதவுப் பலகைக்குப் பதில் வேறு பலகை எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால் இயந்திரம் எங்கெங்கே காலை வாரும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இயந்திரம் எப்படி வேலை செய்கிறது?

சிஎன்சி என்பது கணினி சொல்கிற பாதையில் வெட்டும் இயந்திரம். பிட் எனப்படும் சிறு வெட்டும் கருவி வேகமாகச் சுழலும். அது இடம் வலமாகவும், முன் பின்னாகவும், மேல் கீழாகவும் நகரும். இந்த மூன்று திசைகளையும் எக்ஸ், ஒய், இசட் என்கிறார்கள். பலராலும் வாங்கப்படும் '3018' வகை இயந்திரத்தின் வெட்டும் பரப்பு ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் நீளம், 180 மில்லிமீட்டர் அகலம். ஒரு சிறிய பெயர்ப்பலகைக்கு இது போதும்.

முதலில் கணினியில் படம் வரைய வேண்டும். பிறகு எந்தப் பிட், எவ்வளவு ஆழம், என்ன வேகம் என்று குறிப்பிட்டு வெட்டும் பாதையை உருவாக்க வேண்டும். கடைசியாகப் பலகையை அசையாமல் பிடித்துக் கட்டி, தொடக்கப் புள்ளியைக் காட்டிவிட்டு இயந்திரத்தை ஓட்ட வேண்டும். பெரும்பாலான தவறுகள் இந்த மூன்றாவது கட்டத்தில்தான் நடக்கின்றன.

எந்த மரம் நல்லது?

பழகுவதற்கு ரப்பர் மரப் பலகை ஏற்றது. ஒரு காலத்தில் பால் வற்றிய மரம் வெறும் விறகாகத்தான் போனது. மலேசிய வன ஆய்வுக் கழகம் உள்ளிட்ட அமைப்புகளின் ஆய்வுகளுக்குப் பிறகு, மரத்தை வெட்டியவுடன் போரோன் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை பரவியது. அதன் பிறகே அது மூவார் போன்ற ஊர்களின் தளவாடத் தொழிலுக்கு மூலப்பொருளானது.

ரப்பர் மரத்தில் இரண்டு குணங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, சில இடங்களில் அதன் நார் பஞ்சுபோல் எழும்பும். மழுங்கிய பிட்டால் வெட்டினால் எழுத்தின் ஓரமெல்லாம் மயிர் படர்ந்தது போல் தெரியும். இன்னொன்று, அது மழைக்குத் தாங்காது. வாசலில் மழை படும் இடத்தில் மாட்டினால் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும். வெளியே மாட்டும் பலகைக்குச் செங்கால் மரம் நல்லது. ஆனால் அது கடினமானது, பிட்டைச் சீக்கிரம் மழுங்கடிக்கும். மெர்பாவ் மரமும் உறுதியானதுதான். ஆனால் நனைந்தால் பழுப்புச் சாயம் வழிந்து வெள்ளைச் சுவரைக் கறையாக்கும்.

நம் நாட்டின் ஈரப்பதமும் ஒரு காரணி. வாங்கிய பலகையை அன்றே வெட்டாமல், இரண்டு வாரம் வீட்டுக்குள் காற்றோட்டமாக அடுக்கி வைத்தால், பிறகு வளைவது குறையும்.

தமிழ் எழுத்து உடைவது ஏன்?

வடிவமைப்பு மென்பொருள்கள் பலவும் தமிழ் எழுத்துகளைச் சரியாகச் சேர்ப்பதில்லை. 'கொ' என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிரிந்து நிற்கும், அல்லது நடுவில் புள்ளி வட்டம் தோன்றும். அப்படியே வெட்டினால் பலகையும் அப்படியே வந்துவிடும்.

இதற்கு எளிய வழி உண்டு. இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் யூனிகோட் எழுத்துருவில் பெயரைத் தட்டச்சு செய்து, எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றிச் சேமிக்க வேண்டும். அதன் பிறகு அது எழுத்தல்ல, படம். எந்த மென்பொருளில் திறந்தாலும் உடையாது.

பலகையை ஊடுருவி வெட்டுவதாக இருந்தால் க, ச, ண போன்ற எழுத்துகளின் சுழிகளுக்குள் இருக்கும் மரம் கழன்று விழுந்துவிடும். அங்கே சிறு இணைப்புகளை விட வேண்டும். மேலோட்டமாகச் செதுக்குவதற்கு 'வி' வடிவப் பிட்டே சிறந்தது. அதன் கூர்முனை மெல்லிய வளைவுகளிலும் நுழையும். வெட்டுவதற்கு முன் ல, ள, ழ பிழைகளை வீட்டில் தமிழ் நன்கு தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்ப்பது அவசியம். மரத்தில் அழிப்பான் வேலை செய்யாது.

வேகத்துக்கு ஒரு கணக்கு

பிட்டின் ஒவ்வொரு வெட்டு முனையும் ஒரு சுற்றில் எவ்வளவு மரத்தைச் சீவுகிறது என்பதுதான் முக்கியம். நகரும் வேகத்தை, சுற்று எண்ணிக்கையாலும் வெட்டு முனைகளின் எண்ணிக்கையாலும் வகுத்தால் அது கிடைக்கும். நிமிடத்துக்கு 10,000 சுற்று, இரண்டு முனைப் பிட், நிமிடத்துக்கு 600 மில்லிமீட்டர் நகர்வு என்றால், ஒரு சீவல் 0.03 மில்லிமீட்டர். சிறிய இயந்திரத்துக்கும் 3 மில்லிமீட்டர் பிட்டுக்கும் இது நல்ல தொடக்கம். ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் ஆழம் போதும்.

கீழே விழுவது சிறு சீவல்களாக இருந்தால் வேகம் சரி. மாவுபோல் பொடி விழுந்தால் பிட் மரத்தை வெட்டாமல் உரசிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அடிக்கடி வரும் தொல்லைகள்

மரம் கருகுகிறது: பிட் மெதுவாக நகர்வதும் அதிகமாகச் சுழல்வதும் காரணம். பலரும் பயந்து வேகத்தைக் குறைப்பார்கள், கருகல் இன்னும் கூடும். நகர்வைக் கூட்டுங்கள், அல்லது சுற்றைக் குறையுங்கள். அப்படியும் கருகினால் பிட் மழுங்கிவிட்டது.

ஓரத்தில் நார் எழும்புகிறது: புதிய பிட்டுக்கு மாறுங்கள். சீவலை மேலே இழுக்கும் பிட்டுக்குப் பதிலாகக் கீழே அழுத்தும் பிட்டைப் பயன்படுத்தினால் மேற்பரப்பு சுத்தமாக வரும்.

ஒரு பக்கம் ஆழம், மறு பக்கம் மேலோட்டம்: பலகை சமமாக இல்லை, அல்லது அடியில் உள்ள தாங்கு பலகை சமமாக இல்லை. தாங்கு பலகையை இயந்திரத்தைக் கொண்டே ஒரு முறை முழுதும் சீவினால் அது சமமாகிவிடும்.

போகப் போக ஆழம் கூடுகிறது: பிட் தன் பிடியிலிருந்து மெல்ல நழுவி இறங்குகிறது. பிடியைக் கழற்றித் தூசைத் துடைத்து, பிட்டை நன்கு இறுக்குங்கள்.

பாதியில் எழுத்து இடம் பெயர்ந்துவிட்டது: மோட்டார் சில அடிகளைத் தவறவிட்டிருக்கிறது. ஆழமாகவோ வேகமாகவோ வெட்டியிருக்கலாம், கிளாம்பில் முட்டியிருக்கலாம், மோட்டார் இணைப்புத் திருகு தளர்ந்திருக்கலாம். முதலில் திருகைப் பாருங்கள்.

வட்டம் முட்டையாகிறது: திருகு தண்டிலோ பட்டையிலோ தளர்வு உள்ளது. இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கையால் ஆட்டிப் பார்த்தால் எந்தத் திசையில் தளர்வு என்று தெரிந்துவிடும்.

அளவு சரியாக வரவில்லை: 100 மில்லிமீட்டர் நகரச் சொன்னால் 98 தான் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அமைப்பில் ஒரு மில்லிமீட்டருக்கு 800 படி என்று இருந்தால், 800 ஐ 100 ஆல் பெருக்கி 98 ஆல் வகுக்க வேண்டும். புதிய எண் 816.33.

வெட்டும்போதே கணினித் தொடர்பு அறுந்துபோகிறது: தூசு உறிஞ்சியின் பிளாஸ்டிக் குழாயில் சேரும் நிலைமின்சாரமும் மோட்டாரின் மின் இரைச்சலும் யுஎஸ்பி கம்பியைக் குழப்பும். குட்டையான, தரமான கம்பியை மோட்டார் கம்பியிலிருந்து தள்ளி வையுங்கள்.

பழைய பலகைக்குத் தனிக் கவனம்

லயத்து வீட்டுப் பலகையில் துருப்பிடித்த ஆணி ஒளிந்திருக்கும். அது பட்டால் பிட் உடைந்து தெறிக்கும். வலுவான காந்தத்தைப் பலகை முழுதும் மெல்ல நகர்த்தினால் ஆணி உள்ள இடத்தில் இழுக்கும். பழைய சாயத்தில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே குழந்தைகள் இருக்கும் இடத்தில் அதை உலர்வாகத் தேய்த்துத் தூசு கிளப்பக் கூடாது. கறையான் அரித்துப் பொக்கான இடத்தில் எழுத்து விழாதபடி வடிவத்தை நகர்த்திக்கொள்ளுங்கள்.

அடுத்த முயற்சி பல்லாங்குழி

பெயர்ப்பலகையில் கை பழகியதும் பல்லாங்குழி செய்து பார்க்கலாம். இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி. 34 மில்லிமீட்டர் அகலக் குழிகளை 40 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்தால் மொத்த நீளம் 274 மில்லிமீட்டர். சிறிய இயந்திரத்திலேயே அடங்கும். 25 மில்லிமீட்டர் தடிப்பலகையில் 15 மில்லிமீட்டர் ஆழம் போதும். முதலில் தட்டைப் பிட்டால் மரத்தைத் தோண்டி எடுத்து, பிறகு உருண்டை முனைப் பிட்டால் குழியை மெருகேற்ற வேண்டும். 6 மில்லிமீட்டர் உருண்டைப் பிட்டுக்கு வரிக்கு வரி 0.6 மில்லிமீட்டர் நகர்த்தினால் உப்புத்தாள் வேலை குறையும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பாட்டிக்கு எடுத்துச்செல்ல நல்ல பரிசு.

தூசும் தீயும்

மரத்தூசை நீண்ட காலம் சுவாசித்தால் புற்றுநோய் வரக்கூடும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதி செய்த ஒன்று. எம்டிஎப் பலகையின் தூசு மிக நுண்ணியது, அதன் பசையில் பார்மால்டிஹைடும் உண்டு. எனவே என்95 முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். கையுறை அணியக் கூடாது. சுழலும் பிட்டில் சிக்கிக் கையையே இழுத்துவிடும்.

இயந்திரத்தை ஓடவிட்டுக் கடைக்குப் போவதும் ஆபத்து. மழுங்கிய பிட் உண்டாக்கும் பொறி, தூசு உறிஞ்சிக்குள் போய்ப் புகைந்துகொண்டிருந்து பிறகு தீப்பிடிக்கலாம். வெட்டி முடித்து ஒரு மணி நேரம் கழித்து உறிஞ்சியைத் திறந்து பார்க்கும் பழக்கம் நல்லது.

தாத்தா வீட்டுப் பலகையை இயந்திரத்தில் ஏற்றுவதற்கு முன் இரண்டு ஒத்திகை வேண்டும். முதலில் பிட்டைப் பலகைக்கு மேலே உயர்த்தி, காற்றிலேயே முழுப் பாதையையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். கிளாம்பில் முட்டுமா, ஓரத்தைத் தாண்டுமா என்பது அப்போதே தெரியும். அடுத்து, அதே பெயரை அதே அளவில் ஒரு கழிவுப் பலகையில் வெட்டிப் பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக வந்த பிறகு அந்தப் பழைய பலகையை எடுத்தால் போதும். கூடுதலாகச் செலவாவது ஒரு பிற்பகல்தான்.