கடத்திச் சென்ற சித்தப்பா... கேஸ் ஜெயித்தும் பிரபு ஆகாத வாரிசு! அயர்லாந்து ஆன்ஸ்லி குடும்பத்தில் நடந்தது என்ன?

சொத்துக்காகச் சொந்த அண்ணன் மகனையே நாடு கடத்திய பிரபு. பல வருஷம் கழித்துத் திரும்பி வந்து கேஸ் போட்ட அந்தப் பையன். 1743-ல் டப்ளினை உலுக்கிய வழக்கு இது.

யார் இந்த ஜேம்ஸ்?

அயர்லாந்தின் ஆல்தம் பிரபு ஆர்தர் ஆன்ஸ்லி வீட்டில் 1715-ல் பிறந்தவர் ஜேம்ஸ் ஆன்ஸ்லி. பெற்றோர் பிரிந்த பிறகு டப்ளின் தெருக்களில் திரிந்தார். 1727-ல் ஆர்தர் இறந்ததும், அவரது தம்பி ரிச்சர்ட் பட்டத்தை எடுத்துக்கொண்டார். மறு வருஷமே 12 வயது ஜேம்ஸ் பிடிக்கப்பட்டு, ஒப்பந்தக் கூலியாக அமெரிக்காவுக்குக் கப்பலேற்றப்பட்டார்.

சுமார் 12 வருஷ அடிமை வேலைக்குப் பின் தப்பியவர், ஜமைக்காவில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து 1741-ல் லண்டன் வந்தார். அதற்குள் ரிச்சர்ட், ஆங்கிள்சி ஏர்ல் என்ற பெரிய பட்டத்துக்கும் சொந்தக்காரர்!

கோர்ட்டில் என்ன சண்டை?

கேள்வி ஒன்றுதான்: ஜேம்ஸின் தாய் யார்? முறையான மனைவிக்குப் பிறந்த மகனுக்குத்தான் பட்டம். 'அவன் வேலைக்காரப் பெண் ஜோன் லாண்டியின் பிள்ளை' என்றது ரிச்சர்ட் தரப்பு. 'அவர் பால் கொடுத்து வளர்த்தவர் மட்டுமே' என்றது ஜேம்ஸ் தரப்பு.

திருப்புமுனை எது?

1742-ல் ஜேம்ஸின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து ஒருவர் இறந்தார். அந்தக் கொலை வழக்கில் ஜேம்ஸ் விடுதலையானார். ஆனால் 'அவனைத் தூக்கில் போட 10,000 பவுண்டு செலவானாலும் பரவாயில்லை' என்று ரிச்சர்ட் தன்னிடம் சொன்னதாக, அவரது வக்கீலே சாட்சி சொன்னார். 'வக்கீலிடம் சொன்னது ரகசியம்' என்ற வாதம் எடுபடவில்லை. குற்றத் திட்டத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதற்கு இந்த வழக்கு இன்றும் உதாரணமாகக் காட்டப்படுகிறது.

ஜெயித்தும் ஏன் கிடைக்கவில்லை?

ஜூரி ஜேம்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் அது நில வழக்கு. அதனால் பட்டம் தானாகக் கைமாறாது. ரிச்சர்ட் அப்பீல் போட்டு இழுத்தடித்தார். ஜேம்ஸிடம் பணம் தீர்ந்தது. 1760-ல், 44 வயதில், பட்டம் இல்லாமலே இறந்தார்.

கடைசியில் பட்டம் யாருக்கு?

அடுத்த வருஷம் ரிச்சர்டும் இறந்தார். அவரது மகன் ஆங்கிள்சி பட்டம் கேட்டபோது, பெற்றோரின் திருமணமே கேள்விக்குள்ளானது. 1771-ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை கோரிக்கையை நிராகரிக்க, அந்தப் பட்டமே முடிவுக்கு வந்தது. ஜேம்ஸைப் பார்த்து ரிச்சர்ட் கேட்ட அதே கேள்வி, அவர் மகனிடமே திரும்பி வந்தது.