வீடு மும்பையில், ஓட்டு ஊரில்!
மாநகராட்சித் தேர்தலில் தமிழர்கள் ஓட்டுப் போட என்ன செய்ய வேண்டும்?

மும்பை மாநகராட்சிக்கு 2026-ம் ஆண்டு ஜனவரி 15-ந்தேதி தேர்தல் நடந்தது. அன்று தைப்பொங்கல். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் பொங்கல் பானையை இறக்கிவைத்த கையோடு வாக்குச்சாவடிக்குப் போன தமிழர்கள் உண்டு. "நமக்கு ஓட்டு ஊரில் அல்லவா இருக்கிறது?" என்று வீட்டோடு இருந்துவிட்டவர்களும் உண்டு. பட்டியலில் பெயர் இருக்கும் என்று நம்பிப் போய், இல்லை என்று அறிந்து திரும்பியவர்களின் நிலைதான் பரிதாபம்.

அதற்கு முந்தைய தேர்தல் 2017-ம் ஆண்டு பிப்ரவரி 21-ந்தேதி நடந்தது. அந்த மன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அதன்பின் ஏறத்தாழ 4 ஆண்டுகள் கவுன்சிலரே இல்லாமல், அதிகாரியின் நிர்வாகத்தில் நகரம் இயங்கியது. மாநகராட்சி மன்றத்தின் ஆயுள் 5 ஆண்டு என்பது அரசியல் சட்டம். அடுத்த தேர்தலுக்கு நாள் இருக்கிறதே என்று இருந்துவிடுவதுதான் தவறு. ஓட்டுக்கு வழி செய்ய வேண்டிய காலம், தேர்தல் இல்லாத இந்தக் காலமே.

எதற்காக ஓட்டு?

குழாயில் தண்ணீர் வருவது, சாக்கடை அள்ளுவது, தெருவிளக்கு எரிவது, குப்பை எடுப்பது, பிறப்பு-இறப்புச் சான்றிதழ் தருவது எல்லாம் மாநகராட்சியின் வேலை. சயான் மருத்துவமனையும், கே.இ.எம். மருத்துவமனையும், நாயர் மருத்துவமனையும் மாநகராட்சியுடையவை. தமிழ்வழிப் பள்ளிகளையும் மாநகராட்சி நடத்துகிறது. 2025-26-ம் ஆண்டுக்கு மாநகராட்சி போட்ட பட்ஜெட் 74 ஆயிரத்து 427 கோடி ரூபாய். இந்தப் பணம் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று பேசும் இடம் மன்றம். அங்கே பேசப் போகிறவர் கவுன்சிலர், மராத்தியில் 'நகர்சேவக்'.

குடிசைப் பகுதிகளில் வாழ்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. குடிசைப்பகுதிச் சீரமைப்புத் திட்டம் 1995-ம் ஆண்டில் வந்தபோது, 1995 ஜனவரி 1-ந்தேதி அல்லது அதற்கு முந்தைய வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கே இலவச வீட்டுக்குத் தகுதி என்று வைக்கப்பட்டது. பின்னர் அந்தக் கெடு 2000 ஜனவரி 1 வரை நீட்டப்பட்டது. பல ஆண்டு குடியிருந்தும், பெயரை ஊரிலேயே வைத்திருந்த குடும்பங்கள் வேறு ஆதாரம் தேடி அலைய வேண்டியதாயிற்று. ஓட்டுக்காக எழுதும் பெயர், குடியிருப்புக்கும் சாட்சியாகிறது.

எந்தப் பட்டியல்?

மாநகராட்சித் தேர்தலை நடத்துவது மராட்டிய மாநிலத் தேர்தல் கமிஷன். ஆனால் அது புதிதாகப் பெயர் சேர்ப்பதில்லை. இந்தியத் தேர்தல் கமிஷன் தயாரித்த சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை வாங்கி, வார்டு வாரியாகப் பிரித்துக்கொள்கிறது. சட்டமன்றப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு மாநகராட்சியிலும் ஓட்டு இல்லை.

அதிலும் ஒரு கெடு உண்டு. 2026 ஜனவரித் தேர்தலுக்கு, 2025 ஜூலை 1-ந்தேதி இருந்த பட்டியலே அடிப்படை. தேர்தல் அறிவிப்பு வந்ததோ 2025 டிசம்பர் 15-ந்தேதி. அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஓடியவர்களுக்கு ஐந்தரை மாதத்துக்கு முன்பே கதவு மூடிவிட்டது. 2025 நவம்பரில் வார்டு வாரியான வரைவுப் பட்டியல் வந்தபோது ஆட்சேபம் கேட்டார்கள். அது எழுத்துப் பிழை, வார்டு மாறிப்போனது போன்றவற்றைத் திருத்தத்தான். புதுப்பெயர் எழுத அல்ல.

ஊரிலா, இங்கேயா?

மும்பைத் தமிழர்களில் பலர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளில் இருந்து வந்தவர்கள். ஊரில் வீடும் குலதெய்வமும் உறவும் இருக்கும்போது, ஓட்டை மாற்றினால் ஊரோடு உள்ள ஒட்டும் போய்விடும் என்ற எண்ணம் பெரியவர்களிடம் உண்டு. ஆனால் சட்டம் கேட்பது, சாதாரணமாக எங்கே வசிக்கிறீர்கள் என்பதைத்தான். ஊரில் சொந்த வீடு இருப்பதால் மட்டும் அங்கே வசிப்பதாக ஆகாது என்று 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. அதேபோல், இரண்டு மாத வேலைக்காக மும்பை வந்தவர் ஊர் ஓட்டை இழப்பதும் இல்லை.

ஊரிலும் இங்குமாக இரண்டு இடத்திலும் பெயர் வைத்துக்கொள்ளலாமா? கூடாது. ஒருவருக்கு ஒரே தொகுதி, ஒரே பதிவு. மனுவில் தெரிந்தே பொய் எழுதினால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

ஊர்ப் பதிவும் இனி நிச்சயம் இல்லை. தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியல் டிசம்பர் 19-ந்தேதி வந்தது. அதில் சுமார் 97 லட்சம் பெயர்கள் விடுபட்டிருந்தன. இறந்தவர்கள் போக, பெரும் பகுதியினர் குடிபெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் காணப்படாதவர்கள். வீடு பூட்டிக் கிடந்தால் பெயர் போகலாம். ஊரில் பெயர் போய், இங்கும் எழுதாமல் விட்டவர் எங்கும் ஓட்டு இல்லாதவர் ஆகிறார். அடையாள அட்டை பெட்டியில் பத்திரமாக இருப்பதால் பயன் இல்லை. பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு.

மனு செய்வது எப்படி?

முதல் முறையாகப் பெயர் சேர்ப்பவர் 6-ம் எண் படிவம் கொடுக்க வேண்டும். முன்பு ஜனவரி 1-ந்தேதி மட்டுமே 18 வயதுக்குக் கணக்கு. 2022 ஆகஸ்டு முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று ஆண்டில் நான்கு நாட்கள் கணக்கில் வருகின்றன.

ஊரில் பெயர் இருந்து, அதை மும்பைக்கு மாற்றிக்கொள்ள விரும்புபவர் கொடுக்க வேண்டியது 8-ம் எண் படிவம். ஊரில் நீக்கச்சொல்லித் தனியாக அலைய வேண்டியதில்லை. பழைய அட்டை எண்ணை எழுதினால், இங்கே சேர்த்தபின் அங்கே நீக்கப்படும். மும்பைக்குள்ளேயே வீடு மாறினாலும், பெயரில் பிழை இருந்தாலும் இதே படிவம்தான். இது தெரியாமல் 6-ம் எண் படிவம் கொடுப்பதால்தான் ஒரே ஆள் இரண்டு இடத்தில் ஏறிவிடுகிறார். ஊர்ப் பட்டியலில் பெயர் நீக்கப்பட்டுவிட்டவர் மட்டும் 6-ம் எண் படிவத்தில் புதிதாக எழுத வேண்டும்.

முகவரிக்கு மின்சாரம், தண்ணீர் அல்லது கேஸ் ரசீது, ஆதார், வங்கி பாஸ்புத்தகம், பாஸ்போர்ட், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் இவற்றில் ஒன்று போதும். பதினொரு மாத 'லீவ் அண்டு லைசென்ஸ்' வீட்டில் இருப்பவர் அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்து வைத்துக்கொள்வது நல்லது. எந்தக் காகிதமும் இல்லாத ஏழை வாக்காளரும் மனு செய்யலாம். வாக்குச்சாவடி அலுவலர் நேரில் வந்து விசாரித்து எழுதிக்கொள்வார்.

மனுவைத் தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலகத்திலோ, வாக்குச்சாவடி அலுவலரிடமோ, தேர்தல் கமிஷனின் இணையதளத்திலோ கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 1950 என்ற டெலிபோன் எண் இருக்கிறது. மனு எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். விசாரிக்க வரும் நாளில் வீடு பூட்டியிருந்தால் மனு தள்ளுபடியாகலாம். பக்கத்து வீட்டில் சொல்லிவைப்பது பயன் தரும். தள்ளுபடியானால் 15 நாட்களுக்குள் மாவட்ட தேர்தல் அதிகாரியிடம் அப்பீல் செய்யலாம். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் 30 நாட்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு எழுதலாம்.

பெயர் படும் பாடு

தமிழ்ப் பெயரில் தலைப்பெழுத்து முன்னால் வரும். மராட்டிய வழக்கில் தன் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று வேண்டும். ஆகவே தந்தையின் பெயர் குடும்பப் பெயராகிவிடுகிறது. மராத்தியில் எழுதும்போது ழகரம் வேறாகிவிடுகிறது. பட்டியலில் பெயரைத் தேடினால் இல்லை என்று வரும். அட்டை எண்ணை வைத்துத் தேடினால் கிடைத்துவிடும். ஆதாரில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதினால் தொல்லை குறையும்.

வார்டு விஷயத்திலும் குழப்பம் உண்டு. தாராவிக்காரர் வரி கட்டப் போகும் 'ஜி வடக்கு' வார்டு நிர்வாகத்துக்கானது. தேர்தல் வார்டு வேறு. அதற்கு எழுத்து இல்லை, எண்தான். மொத்தம் 227 வார்டுகள், வார்டுக்கு ஒரு கவுன்சிலர். எல்லை மாற்றியமைக்கப்படும்போது வார்டும் சாவடியும் மாறக்கூடும். போனமுறை போட்ட பள்ளிக்கூடத்துக்கே போய் நிற்கக் கூடாது.

ஓட்டுப் பதிவு நாளில்

2026-ல் காலை 7.30 மணி முதல் மாலை 5.30 மணி வரை ஓட்டுப் பதிவு நடந்தது. வாக்காளர் அட்டையோ, அனுமதிக்கப்பட்ட வேறு புகைப்பட ஆவணமோ கையில் இருக்க வேண்டும். கட்சிக்காரர் தரும் சீட்டு வரிசை எண்ணைச் சொல்லும், அடையாளத்துக்கு ஆகாது.

மும்பையில் ஒருவருக்கு ஒரே ஓட்டு. தானே, நவிமும்பை, கல்யாண்-டோம்பிவிலி போன்ற மாநகராட்சிகளில் முறை வேறு. அங்கே ஒரு வார்டுக்குப் பெரும்பாலும் நான்கு கவுன்சிலர்கள். ஆகவே நான்கு இடத்துக்கும் தனித்தனியே பொத்தானை அழுத்த வேண்டும். ஒன்றை அழுத்திவிட்டு வெளியே வந்துவிடக் கூடாது. எல்லாம் முடிந்தபின் வரும் ஒலியைக் கேட்க வேண்டும். யாரையும் பிடிக்காவிட்டால் 'நோட்டா' இருக்கிறது. சட்டமன்றத் தேர்தலில் பார்க்கும் ஒப்புகைச் சீட்டு எந்திரம் 2026 மாநகராட்சித் தேர்தல்களில் வைக்கப்படவில்லை. தன் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டார் என்று தெரிந்தால் திரும்பிவிடாமல், சாவடித் தலைமை அலுவலரிடம் 'டெண்டர் ஓட்டு' கேட்க வேண்டும்.

சயான் கோலிவாடா சட்டமன்றத் தொகுதியில் கேப்டன் ஆர். தமிழ்ச்செல்வன் 2014, 2019, 2024 ஆகிய மூன்று தேர்தல்களில் வென்றார். மாநகராட்சி வார்டு, சட்டமன்றத் தொகுதியை விடச் சிறியது. ஒரு தெருவின் ஓட்டே அங்கே முடிவை மாற்றக்கூடும். அந்தத் தெருவில் எத்தனை பேர் தமிழர் என்று வேட்பாளர் எண்ணுவதில்லை. பட்டியலில் உள்ள பெயர்களைத்தான் எண்ணுகிறார்.

வீட்டில் உள்ள அட்டைகளை எடுத்துவைத்து, ஒவ்வொரு எண்ணாகப் பட்டியலில் பார்க்க அரைமணி நேரம் போதும். பதினெட்டு நிறைந்த பிள்ளைகள், மணமாகி ஊரில் இருந்து வந்த மருமகள், வாடகை வீடு மாறிய தம்பி ஆகியோரின் பெயர்களே பெரும்பாலும் விடுபடுகின்றன. முதலில் பார்க்க வேண்டியவை அவையே.