பெயர் வைத்த புயலும் பெயரில்லாத மழையும்

1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலைக் கடல் வாரிக்கொண்டு போனபோது அந்தப் புயலுக்குப் பெயர் கிடையாது. அழிந்த ஊரின் பெயர்தான் அதற்கு ஒட்டிக்கொண்டது. 1977-இல் ஆந்திரக் கரையில் ஏறக்குறைய 10,000 பேரைக் கொன்றதும் அப்படியே, திவிசீமா புயல். வரும்வரை அது வானொலிச் செய்தியில் 'வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்'. பெயரெல்லாம் பிணங்களை எடுத்த பிறகு.

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள், 1 முதல் 11 வரை. பத்து என்றால் பெரும் அபாயம். பதினொன்று அதைவிடப் பயங்கரம்: வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். கூண்டுகள் இன்றும் ஏறுகின்றன. ஆனால் செய்தியில் முதல் வரி இப்போது பெயருக்குத்தான்.

2004-இல் எட்டு நாடுகளின் பட்டியலோடு வங்கக் கடல், அரபிக் கடல் புயல்களுக்குப் பெயர் வைக்கத் தொடங்கினார்கள். 2020-இல் வந்த புதிய பட்டியலில் 13 நாடுகள், 169 பெயர்கள்; இந்தியா தந்தவற்றில் 'முரசு'ம் உண்டு. 2013-இல் ஒரு வேடிக்கை நடந்தது. குளம் கட்டிய மகாசேன மன்னனின் பெயரை அழிவுக்கு வைப்பதா என்று இலங்கையில் எதிர்ப்பு கிளம்ப, அந்தப் புயலை வியாரு என்று மாற்றினார்கள்.

பெயர் வந்ததும் புயல் ஒரு ஆள் மாதிரி ஆகிவிட்டது. பேராவூரணிப் பக்கம் தோப்புக்காரரிடம் தென்னையின் வயதைக் கேட்டால், "இதெல்லாம் கஜாவுக்கு அப்புறம் வச்ச கன்னு" என்பார். 2018 நவம்பர் என்று சொல்ல வேண்டியதே இல்லை. எச்சரிக்கைக்கும் பெயர் உதவுகிறது, நேரத்துக்கு வந்தால். ஓகி பெயர் பெற்றது 2017 நவம்பர் 30-இல்; அன்றே குமரியை அடித்தது. அதற்குள் ஆழ்கடலுக்குப் போயிருந்த படகுகள் பல.

எனக்கு உறுத்துவது வேறொன்று. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால்தான் பெயர். மழை எவ்வளவு கொட்டினாலும் கணக்கில் வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் பெயர் குழந்தைக்கும் தெரிந்திருந்தது. இரண்டு வாரம் கழித்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அதற்குப் பெயரில்லை. 2015-இல் சென்னையை மூழ்கடித்த மழைக்கும் இல்லை. பெயரோடு கேட்டுப் பழகிய காதுக்கு, 'மிக கனமழை' என்பது ஐப்பசி கார்த்திகையில் தினம் சொல்கிற சங்கதியாகவே படுகிறது.